காணவில்லை என்றால் இல்லையா?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். இருபது வயதைத் தொட்ட ஒரு டர்போ டீசல் காரை அந்தப் பாதையில் மனத்தால் ஓட்டிப் பார்க்கலாம். வண்டியில் நான்கு பேர், ஏசி ஓடுகிறது, இரண்டாவது கியர். பாதி வளைவுகளைத் தாண்டியதும் என்ஜின் நின்றுவிடுகிறது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நிற்கிறது. ஸ்டியரிங் கனக்கிறது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடுகிறது. எப்படியோ ஓரம்கட்டி, பானட்டைத் திறந்து வைத்து, எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆகிறது. வீடு வரை ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை அதே கார் கரமனைப் பக்கம் ஒரு பணிமனையில் நிற்கிறது. மெக்கானிக் நாகர்கோவில்காரர், இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர். "ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆயிடுது அண்ணே" என்கிறார் வண்டிக்காரர். மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறார், ரேஸ் கொடுக்கிறார், கரமனைப் பாலம் வரை ஓட்டிவிட்டு வருகிறார். ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கிறார். கோட் எதுவும் பதிவாகவில்லை.

"ஒண்ணும் இல்லையே சார்."

ஊரெங்கும் பணிமனைகளில் நாள்தோறும் சொல்லப்படும் வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தார், குறை தென்படவில்லை, ஆகவே குறை இல்லை என்கிறார். ஆனால் 'தென்படவில்லை' என்பதிலிருந்து 'இல்லை' என்பதற்குப் போகும் அந்த ஓர் அடி சரியான அடிதானா? இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முட்டி மோதிக்கொண்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. கடவுள் உண்டா என்ற வழக்கே ஒரு கட்டத்தில் இந்த அடியின் மேல்தான் வந்து நின்றது.

ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரில பட்டர் இன்மையை அறிவதற்கென்றே தனி அளவை ஒன்று வேண்டும் என்றார். தரையைப் பார்க்கிறோம், குடம் இல்லை என்று அறிகிறோம். கண்ணுக்குத் தெரிவது தரைதான். குடத்தின் இன்மைக்கு நிறமும் கிடையாது, வடிவமும் கிடையாது. அதைக் கண் எப்படிக் காணும்? ஆகவே காணாமை என்பதே அறிவுக்குரிய தனி வாயில் என்பது அவர் முடிவு. அதற்கு அனுபலப்தி என்று பெயர். பிரபாகரர் வழியினர் இதை ஏற்கவில்லை. வெறுந்தரையைக் கண்டதற்கு மேல் அங்கே இன்மை என்று வேறொரு பொருள் இல்லை என்றார்கள் அவர்கள். நியாய மரபினர், இன்மை உண்மையான பொருள்தான், ஆனால் அதை அறிவதும் காட்சியே என்றார்கள்.

இவ்வளவு பிணக்குக்கு நடுவிலும் ஒரு நிபந்தனையில் அவர்கள் ஒன்றுபட்டார்கள். எந்தக் காணாமையும் இன்மைக்குச் சான்றாகிவிடாது. அந்தப் பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். பட்டப்பகலில் வெறுந்தரையைப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் எட்டிப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல முடியாது.

இந்த நிபந்தனையை இறைவன்மேல் வைத்துப் பேசியவர் மிதிலையைச் சேர்ந்த உதயனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய நியாயகுசுமாஞ்சலி ஐந்து பகுதிகளைக் கொண்டது. ஈசுவரனைக் காண முடியவில்லை, ஆகவே ஈசுவரன் இல்லை என்ற மறுப்பை அதன் மூன்றாம் பகுதியில் எடுத்துக்கொள்கிறார். காணத்தக்க பொருளைக் காணாதபோதுதான் இல்லை என்ற முடிவுக்குப் போக முடியும், காட்சிக்கு எட்டாத தன்மை உடையது என்று சொல்லப்படும் ஒன்றின் விஷயத்தில் காணாமை எதையும் நிறுவாது என்பது அவர் விடை.

இதில் வியப்பு என்னவென்றால், அவருக்கு எதிரணியில் நின்ற பௌத்தர்களும் இதே விதியை ஏற்றிருந்தார்கள். உதயனருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே தர்மகீர்த்தி இதை எழுதிவைத்துவிட்டார். காணக்கூடியதன் காணாமை இன்மையைக் காட்டும், இடத்தாலோ காலத்தாலோ இயல்பாலோ காட்சிக்கு எட்டாததன் காணாமை ஐயத்தை மட்டுமே தரும் என்றார் அவர். ஈசுவரனை ஏற்காதவர் அவர். ஆனால் வாதத்தில் வெல்வதற்காக விதியை வளைக்கவில்லை. உதயனரும் இந்த விதியை வைத்து மட்டும் ஈசுவரன் உண்டு என்று சாதித்துவிடவில்லை. அதற்கு வேறு அனுமானங்களைத்தான் தேடிப் போனார். விதி செய்தது ஒன்றே ஒன்று: அவசரப்பட்டுச் சொல்லும் 'இல்லை'யைத் தடுத்து நிறுத்தியது.

பணிமனையில் நிற்கும் கார் எந்தப் பக்கம்? என்ஜின் ஆறிக் கிடக்கிறது. சமதளத்தில் ஐந்து நிமிடம் ஓடியிருக்கிறது. பாரம் இல்லை, ஏற்றம் இல்லை. குறை உண்மையில் இருந்திருந்தாலும் அது வெளிப்படும் நிலைமை அங்கே இல்லை. மெக்கானிக் பார்த்தது இருட்டறையை.

மணிமேகலையின் 27ஆம் காதையில், சேரரின் வஞ்சி மாநகரில், மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிச் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் வருபவன் அளவைவாதி. அறிவுக்குரிய வாயில்கள் பத்து என்று அவன் பட்டியலிடுகிறான். காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று போகும் அந்த வரிசையில் இன்மையைக் குறிக்கும் அபாவமும் ஒன்று. வாயில்களைச் சொன்னதோடு அவன் நிறுத்துவதில்லை. அளவைகளில் நேரும் குற்றங்கள் எட்டையும் சொல்கிறான். அவற்றில் மூன்று எந்தப் பணிமனைச் சுவரிலும் எழுதி வைக்கத் தக்கவை: ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை.

தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று மயங்குவது ஐயம். ஆராயாமலே அதை ஆள் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். புலி அருகில் நிற்பதைக் கண்டும் அறியாமல் இருப்பது கண்டுணராமை. பழைய டர்போ கார் இடையிடையே நின்றுபோகும் வழக்கில் இம்மூன்றும் வரிசையாக வந்து நிற்கும்.

முதலில் மாட்டிக்கொள்வது டர்போ.

டர்போ என்பது அடிப்படையில் இரண்டு சக்கரங்கள், ஒரே தண்டு. என்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிக்கும் டீசலையும் கூட்டலாம், சின்ன என்ஜினும் பெரிய என்ஜின்போல இழுக்கும். தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. புகைப் பக்கம் பல நூறு டிகிரிக்குச் சூடேறும். விலையும் அதிகம். இத்தனை மிரட்டலான பொருள் பானட்டுக்குள் இருந்தால் பழி முதலில் அதன் மேல்தானே விழும்? "டர்போ போயிடுச்சு சார்" என்று சொல்வதும் எளிது, நம்புவதும் எளிது.

ஆனால் டர்போ பழுதானால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. வண்டி இழுக்காது, பிக்கப் போய்விடும். கறுப்புப் புகையோ எண்ணெய் எரியும் நீலப்புகையோ வரும், விசில் சத்தம் கேட்கும். காற்றுக் குழாய் கிழிந்திருந்தாலும் இழுவைதான் முதலில் குறையும். சுகமாக ஓடிய என்ஜின் சட்டென்று அணைந்து, இருபது நிமிடத்தில் தானாகச் சரியாவது டர்போவின் குணம் அல்ல. தன் அடையாளம் எதையும் காட்டாத ஒன்றின் மேல் பழி போடுவதுதான் தேராது தெளிதல்.

அப்படியும் டர்போவைக் கழற்றி மாட்டியதும் சில வண்டிகள் சரியாகிவிடுகின்றன. அங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள் தமிழில். வடமொழித் தர்க்க நூல்களில் இதற்கே காகதாலீயம் என்று பெயர். டர்போவைக் கழற்ற வேண்டுமானால் வழியில் இருக்கும் வயர் இணைப்புகளைக் கழற்ற வேண்டும், குழாய்களைத் தளர்த்த வேண்டும். திரும்ப மாட்டும்போது களிம்பேறிய ஓர் இணைப்பு உராய்ந்து சுத்தமாகிறது, தளர்ந்திருந்த ஒரு பின் இறுகுகிறது. கடற்காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள திருவனந்தபுரத்தில் களிம்புக்குக் குறைவில்லை. வண்டி ஒரு மாதம் ஓடும். டர்போ மாற்றியதால் சரியாயிற்று என்று இருவரும் நம்புவார்கள். இணைப்பு மறுபடி களிம்பேறும்போது மறுபடி வண்டி நிற்கும்.

இந்த இடத்துக்குத் தருக்க மரபு ஒரு சொல் வைத்திருக்கிறது: உபாதி. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது சரி. நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று அதைத் திருப்பிப் போட முடியாது. பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வருவதற்கு நெருப்போடு ஈர விறகும் சேர வேண்டும். யாரும் கவனிக்காமல் பக்கத்தில் நிற்கும் அந்த ஈர விறகுதான் உபாதி. இடையிடையே வந்து போகும் எந்தக் குறையையும் தேடுவது உண்மையில் உபாதியைத் தேடுவதுதான். வண்டி ஏற்றத்தில் நிற்கிறது என்கிறார் வண்டிக்காரர். காரணம் ஏற்றமா? ஏற்றத்தில் என்ஜின் சூடாகிறது. ஏற்றத்தில் டேங்கின் டீசல் பின்பக்கம் சாய்கிறது. ஏற்றத்தில் வண்டி அதிர்கிறது. ஏற்றத்தில் டீசல் அதிகம் செலவாகிறது, ஆகவே டேங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் சீக்கிரம் உண்டாகிறது. கண்ணில் படுவது ஓர் ஏற்றம். அதன் நிழலில் நிற்பவை நான்கு.

நல்ல மெக்கானிக் இந்த நான்கையும் தனித்தனியாகப் பிரித்து எடுப்பார். டேங்க் மூடியைத் திறந்ததும் புஸ் என்று காற்று உள்ளே இழுத்ததா? இல்லையென்றால் காற்றுத் துளையை விடலாம். டேங்க் நிறைய டீசல் இருந்தபோதும் நின்றதா? நின்றது என்றால் சாய்வை விடலாம். கொச்சி போகும் சமச்சாலையில், மதிய வெயிலில், ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை நின்றதா? நின்றது என்றால் ஏற்றமே கழன்றுவிடுகிறது, சூடு மட்டும் மிஞ்சுகிறது. இருக்கும்போது உண்டாகிறதா என்பது அன்வயம். இல்லாதபோது இல்லாமல் போகிறதா என்பது வியதிரேகம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் ஒற்றுமை முறை, வேற்றுமை முறை என்று வகுத்தவை இவற்றுக்கு மிக நெருங்கிய உறவு.

கவனிக்க வேண்டிய ஒன்று: இந்தக் கேள்விகள் எதற்கும் காரிடம் பதில் இல்லை. பதில் வண்டிக்காரரின் வாயில் இருக்கிறது.

காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்தம் கொள்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை எடுத்துக்கொண்டு, பிறர் பத்து என்றும் அதற்கு மேலும் எண்ணுவதைச் சொல்லி, எல்லாவற்றையும் இந்த மூன்றில் அடக்குகிறார். உரை என்பது நம்பத்தகுந்தவரின் சொல். சித்தாந்திக்கு அது முதன்மையாக இறைவன் அருளிய ஆகமம். நியாய மரபில் அதன் எல்லை இன்னும் அகலம். தான் நேரில் அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புகிறவர் எவரோ அவர் ஆப்தர். முனிவராக இருக்கலாம், சாதாரணமானவராகவும் இருக்கலாம்.

அந்த இலக்கணப்படி, குறை நிகழ்ந்த கணத்தில் உடன் இருந்த ஒரே ஆப்தர் வண்டிக்காரர்தான். அவருக்கு கிராங்க் சென்சார் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் நின்றபோது ஆர்பிஎம் முள் என்ன செய்தது என்று கேட்டால் சொல்லிவிடுவார். இது சின்னக் கேள்வி அல்ல. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்போதும் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது என்றால், என்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொல்லும் செய்தியே கம்ப்யூட்டருக்குப் போகவில்லை என்று பொருள். சுற்றவில்லை என்று நம்பும் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். முள் என்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்கியது என்றால் கதை வேறு. அப்போது டீசல் வரும் வழியைத்தான் பார்க்க வேண்டும்: ஃபில்டரில் தண்ணீரா, குழாய் ஏர் எடுக்கிறதா, பம்ப்பா.

"முள்ளு டக்குனு கீழ விழுந்திச்சு அண்ணே" என்கிறார் வண்டிக்காரர். அவருக்கே அது முக்கியம் என்று தெரியாது. கண்டுணராமை என்று அளவைவாதி சொன்னது இதைத்தான். புலி பக்கத்திலேயே நின்றிருக்கிறது.

ஓட்டுநரின் சொல்லை உதறித் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014 பிப்ரவரியில் தன் சிறிய கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கியது. அந்த முதல் சுற்றே ஏறத்தாழ 26 லட்சம் கார்களில் போய் முடிந்தது. அந்தக் கார்களில் சாவி சுவிட்ச் தளர்வாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்தாலோ, ரோட்டுக் குலுக்கலாலோ, முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பிவிடும். என்ஜின் அணைந்துவிடும், மின்சாரம் போய்விடுவதால் மோதினாலும் ஏர்பேக் விரியாது. ஓடும்போதே அணைந்துவிடுகிறது என்ற புகார்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. நிறுவனத்துக்குள் அது வாடிக்கையாளரின் வசதி சார்ந்த விஷயம் என்று வகைப்படுத்தப்பட்டது, உயிர் சார்ந்ததாக அல்ல. இழப்பீட்டு நிதி பின்னர் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அந்த வழக்கில் தருக்கம் இடறிய இடம் இன்னும் கூர்மையானது. 2006இல் சுவிட்ச் சத்தமில்லாமல் திருத்தப்பட்டது, ஆனால் பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. எண்ணை நம்பி விசாரித்தவர்களுக்குப் பழைய காரிலும் புதிய காரிலும் இருப்பது ஒரே சுவிட்ச் என்றே பட்டது. ஒரே சுவிட்ச் என்றால் பழைய கார் மட்டும் ஏன் நிற்கிறது? ஆகவே சுவிட்ச் காரணம் அல்ல! வியதிரேகம் பொய்த்தது, ஏனென்றால் ஒப்பிடப்பட்ட இரண்டும் பெயரில்தான் ஒன்று. கடைசியில் இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பம் தொடுத்த வழக்குக்காக ஒரு பொறியாளர் இரண்டு சுவிட்சுகளையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. ஆவணத்தின் உரையைக் காட்சியால் சோதித்த ஒருவர் தேவைப்பட்டார்.

விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கி நடப்பதற்கு மணிமேகலையின் அளவைவாதி எச்சம் என்று பெயர் சொல்கிறான். ஆற்றில் வெள்ளம் வருவதைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது. திருவனந்தபுரத்துக்கு இந்த நடை பழக்கமானதுதான். மனோன்மணீயம் (1891) எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில், இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரியில், தத்துவப் பேராசிரியராக இருந்தவர். கால்டுவெல் 13ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் வைத்த திருஞானசம்பந்தரை 7ஆம் நூற்றாண்டுக்கு மீட்டுக் கொண்டுவந்தது அவருடைய ஆய்வு. பிற்கால நூல்களிலும் கல்வெட்டுகளிலும் ஓடிவரும் வெள்ளத்தைப் பார்த்து, மழை எப்போது பெய்தது என்று கணித்தார் அவர்.

அதே நகரம் 2010இல் இன்னும் கடினமான ஒரு வெள்ளத்தைப் பார்த்தது.

நெடுமங்காட்டுக்குப் பக்கத்தில் வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்து அமைப்பு மையம் இருக்கிறது. இந்தியா சொந்தமாக உருவாக்கிய முதல் கிரையோஜெனிக் என்ஜினின் பின்னால் இருந்த உழைப்பில் பெரும்பங்கு இந்த மையத்துடையது. 2010 ஏப்ரல் 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. டி-3 ராக்கெட் அந்த என்ஜினோடு புறப்பட்டது. முதல் இரண்டு கட்டங்கள் சரியாக எரிந்தன. மூன்றாம் கட்டத்தில் கிரையோஜெனிக் என்ஜின் பற்றிக்கொண்டது, ஆனால் உந்துவிசை வளரவில்லை. ராக்கெட்டும் அது சுமந்த ஜிசாட்-4 செயற்கைக்கோளும் கடலில் விழுந்தன.

காரின் டர்போவுக்கு உறவுக்காரன் என்று சொல்லத்தக்க ஒரு பாகம் அங்கே நின்றுபோயிருந்தது. திரவ ஹைட்ரஜனை மைய என்ஜினுக்குத் தள்ளிவிடும் ஊக்க டர்போ பம்ப். வானிலிருந்து வந்த தொலையளவைத் தரவுகளை ஆய்வுக்குழு நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தது. பம்ப் ஒழுங்காகத்தான் தொடங்கியிருக்கிறது. நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை போயிருக்கிறது. 0.9 நொடிக்குப் பிறகு வேகம் சரியத் தொடங்கி, அடுத்த 0.6 நொடியில் நின்றுவிட்டது.

ஏன் நின்றது? பம்ப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்க வழியில்லை. அது வங்கக்கடலின் அடியில் கிடக்கிறது. கையில் இருப்பது எண்கள் மட்டும். குழு இரண்டு சாத்தியங்களை முன்வைத்தது. சீல் இருக்கும் இடம் ஒன்றில் பிடிப்பு ஏற்பட்டுச் சுழலி இறுகிப்போயிருக்கலாம். அல்லது மிகையான அழுத்தத்தாலும் வெப்ப அழுத்தத்தாலும் டர்பைனின் உறை வெடித்திருக்கலாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்து 'இதுதான்' என்று அறிவிப்பது நிம்மதி தந்திருக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் திறந்தே வைத்தார்கள். பம்ப்பின் வடிவமைப்பைத் திருத்தி, தரைச் சோதனைகளை நீட்டித்தார்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று அந்த என்ஜினோடு அடுத்த ராக்கெட் புறப்பட 74 நிமிடம் இருந்தபோது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரியவந்தது, ஏவுதலை நிறுத்திவிட்டார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-5 பறந்தது. அந்த முறை கிரையோஜெனிக் என்ஜின் கடைசி வரை எரிந்தது.

அளவைவாதியின் பட்டியலில் ஐயமும் குற்றம், தேராது தெளிதலும் குற்றம். ஒரே வரிசையில் இரண்டும் நிற்பதால் இரண்டும் சமம் என்று நினைத்துவிடக் கூடாது. ஐயத்தில் இருப்பவனுக்குத் தான் அறியவில்லை என்பதாவது தெரியும், அவன் மேலே தேடுவான். தேராது தெளிந்தவன் தேடலையே மூடிவிடுகிறான். கௌதமரின் நியாய சூத்திரம் பதினாறு பொருள்களை எண்ணும்போது ஐயத்தை மூன்றாவதாக வைக்கிறது. அளவைகளுக்கும் அவற்றால் அறியப்படுபவற்றுக்கும் அடுத்த இடம். விசாரணைக்கு வாசலே ஐயம்தான் என்பதால் அந்த மதிப்பு.

வாசல் என்றால் அதைக் கடந்து உள்ளே போகவும் வேண்டும். இதைச் சார்வாகரோடு வாதாடும்போது உதயனர் அழுத்திச் சொன்னார். எந்த அனுமானத்தையும் நம்ப முடியாது, புகை இருக்கும் இடமெல்லாம் நெருப்பு இருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள் சார்வாகர்கள். ஐயத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பது உதயனரின் விடை. எந்த இடத்தில் ஐயம் ஐயப்படுகிறவனின் சொந்தச் செயலோடு முரண்படுகிறதோ அதுவே எல்லை. நெருப்புக்கும் புகைக்கும் உறவில்லை என்று வாதிடுகிறவன், தனக்குப் புகை வேண்டும்போது நெருப்பைத் தேடித்தான் போகிறான்.

இதைப் பணிமனை மொழியில் சொன்னால்: குறையைத் தானே வரவழைக்கவும், தானே போக்கவும், மறுபடி வரவழைக்கவும் முடிகிற வரை கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லாதே. முடிந்துவிட்டால் அதற்கு மேல் தயங்காதே.

கரமனைப் பணிமனைக்குத் திரும்பலாம். முள் விழுந்த செய்தி கிடைத்துவிட்டது. சூடு என்ற உபாதி கையில் இருக்கிறது. மெக்கானிக் என்ஜின் அடியில் கையை விட்டு கிராங்க் சென்சாரின் இணைப்பைக் கழற்றுகிறார். விரல் பருமன் உள்ள கறுத்த பொருள், உள்ளே தலைமுடி மொத்தத்தில் கம்பிச் சுருள். மல்டிமீட்டரில் சில நூறு ஓம் காட்டுகிறது. ஆறிய நிலையில் சரியான அளவுதான். இங்கேதான் பல பேர் சென்சார் நல்லாயிருக்கு என்று விட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. தலைமுடி உலர்த்தும் டிரையர் ஒன்றை எடுத்துவந்து சென்சாரின் மேல் பிடிக்கிறார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வண்டிக்காரர் மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எண் மெல்ல ஏறுகிறது. கம்பி சூடானால் அப்படித்தான் ஏறும். நான்காவது நிமிடத்தில் எண் மறைகிறது. சுருளுக்குள் எங்கோ ஒரு மயிரிழை வெடிப்பு, சூட்டில் விரிந்து, பாதை அறுந்துவிட்டது.

டிரையரை அணைத்து, ஈரத்துணியால் ஒற்றுகிறார். எண் திரும்பி வருகிறது. மறுபடி சூடாக்குகிறார், மறைகிறது. மறுபடி ஆற்றுகிறார், வருகிறது.

புதிய சென்சார் மாட்டப்படுகிறது. அதே டிரையர், அதே நேரம். எண் ஏறுகிறது, மறையவில்லை. இணைப்பைக் கழற்றி மாட்டியதாலேயே சரியாகியிருக்கலாம் என்ற காக்கையையும் அவர் விரட்டியாக வேண்டும். பழைய சென்சாரை அதே இணைப்பில் திரும்ப மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, டிரையரைப் பிடிக்கிறார். சில நிமிடங்களில் என்ஜின் சத்தமில்லாமல் அணைகிறது. பொன்முடியில் அணைந்த மாதிரியே.

வண்டிக்காரர் முகத்தில் ஒரு விசித்திரமான மகிழ்ச்சி. தன் வண்டி நின்றுபோனதைக் கண்டு மகிழ்கிறவரை வேறெங்கும் பார்க்க முடியாது. அவர் சொன்னது உண்மை என்று இப்போது இன்னொருவரும் கண்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை போலாமா சார்? அதே ரோடு, ஏசி போட்டு, நாலு பேரா" என்கிறார் மெக்கானிக்.

புதிய சென்சாரை மாட்டி இறுக்கிவிட்டு, பழையதைச் செய்தித்தாளில் சுற்றி டாஷ்போர்டுக்குள் வைக்கிறார். வேலை அட்டையில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுகிறார். குறை என்ற இடத்தில் 'சூட்டில் கிராங்க் சென்சார் கட் ஆகிறது' என்று எழுதுகிறார். அதற்குக் கீழே 'சரி செய்யப்பட்டது' என்ற கட்டம். பேனா அதன் மேல் ஒரு கணம் நிற்கிறது. ஞாயிறு வரை அதை வெறுமனே விட்டுவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார்.